சவுக்காரமும் சீமெண்ணெயும்

பாளையங்கோட்டையில் வாய்க்காலை ஒட்டிய தெருவில் கடைசி வீடு சாலோமியுடையது. வீட்டுக்குள் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடம் இராது. புறவாசல் மட்டும் வாய்க்கால் கரை வரைக்கும் நீண்டு கிடந்தது. அதில் ஐந்தாறு எலுமிச்சை, ஒரு நாரத்தை. எல்லாம் அவள் புருஷன் அப்பாத்துரை வைத்து வளர்த்தவை.

அப்பாத்துரை தோட்டக்காரன். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பங்களாவில் வேலை பார்த்தான். எலுமிச்சையில் செதிள் பூச்சி கண்டால் துரைசானிக்குச் சாப்பாடு இறங்காது. சீமைப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு அவளும் அவனுமாக இரண்டு மரங்களைப் பட்டுப்போக அடித்த பிறகுதான் அந்த மருந்துக் கலவை கைக்கு வந்தது. கப்பலேறும்போது அவள் மருந்து அடிக்கும் தன் பித்தளைப் பீச்சாங்குழலை அவனிடமே விட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவர்களுக்குச் சோறு போட்டது அந்தப் பீச்சாங்குழல்தான்.

வக்கீல் வீடு, வாத்தியார் வீடு, சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தா வீடு என்று பாளையங்கோட்டையில் யார் வீட்டுப் புறவாசலிலும் ஒரு மாமரமோ எலுமிச்சையோ கொய்யாவோ நிற்கும். மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்தால் பூவெல்லாம் பிசுபிசுவென்று தேன் வடிந்து கருகி உதிர்ந்துவிடும். எலுமிச்சையில் செதிள் ஏறினால் கிளை கிளையாகக் காயும். தை பிறந்ததும் "அப்பாத்துரையை வரச் சொல்லு" என்று ஆள் வரும்.

கலவை வீட்டில்தான் தயாராகும். துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியில் இரண்டு பலம் எடுத்துச் சன்னமாகச் சீவி, ஒரு படி வாய்க்கால் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். கரைந்ததும் பானையை அடுப்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், சூடு ஆறுவதற்குள் இரண்டு படி சீமெண்ணெயை ஊற்றி மத்தால் கடைய வேண்டும். மோர் கடைவதுபோல விட்டு விட்டுக் கடைந்தால் ஆகாது. கை ஓயாமல் கடைந்தால் வெண்ணெய் மாதிரித் திரண்டு வரும். அதைத்தான் மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பங்கு தண்ணீர் விட்டு அடிப்பது. அளப்பது அப்பாத்துரை, கடைவது சாலோமி. அளக்கிறபோது அவன் யாரோடும் பேச மாட்டான். படியைத் தரையில் வைத்து, குனிந்து கண் மட்டத்தில் பார்த்து ஊற்றுவான். "எண்ணெய் கூடிப்போனா பூச்சிக்கு முந்தி மரம் செத்துரும் பிள்ள" என்பான்.

கிணற்றுத் தண்ணீரை அவன் தொடவே மாட்டான். அந்தப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. உப்புத் தண்ணீரில் சவுக்காரம் திரிந்துபோகும், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அதனால் வாய்க்கால் தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டுதான் வீடு வீடாகப் போவார்கள். கலந்த பிறகும் ஒரு சொட்டை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பான். வழவழவென்று எண்ணெய் தனியாகத் தட்டுப்பட்டால் அதை மரத்துக்குக் காட்ட மாட்டான். அப்படியே கீழே கொட்டிவிட்டு மறுபடி கலக்குவான்.

இருபது வருஷம் இப்படி ஓடியது. ஒரே மகள் பியூலாவை சேரன்மகாதேவியில் ஒரு வாத்தியார் வீட்டுப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம் தை மாதம். சாலோமி மத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சவுக்காரத் தண்ணீர் பொங்கியது. பானையை எப்போதும் பழந்துணி சுற்றித்தான் அப்பாத்துரை இறக்குவான். அன்றைக்குத் துணி கொடியில் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. வெறுங்கையால் விளிம்பைப் பிடித்து இறக்கிக்கொண்டு, பேசியபடியே நடந்து வந்தான்.

"வக்கீல் வீட்டு ஒட்டுமா இந்தத் தடவ கொத்துக் கொத்தாப் பூத்திருக்கு. காத்து மட்டும் அடிக்காம இருந்தா..."

கருகல் வாடை அடித்தது. சாலோமி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க! கை! பானையக் கீழ வையுங்க!"

"என்ன பிள்ள, என்னத்துக்குக் கத்துத?"

ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பைய இறக்கி வைத்தான். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் உரிந்து பானையோடு ஒட்டிக்கொண்டது. அவன் அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"வலிக்கலியா?"

"சூடாத்தான் இருந்திருக்கும்" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது.

அன்று மத்தியானம் அவனைப் புறவாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்தாள். கொஞ்ச நாளாகவே அவன் முதுகில் வெளுத்த தேமல் ஒன்று பரவி வந்தது. காது மடல் தடித்திருந்தது. வெயிலில் அலைகிற உடம்பு என்று இருவருமே விட்டுவிட்டார்கள். அவள் தையல் ஊசியை எடுத்தாள்.

"கண்ண மூடுங்க."

"என்னத்துக்கு?"

"மூடுங்கன்னு சொல்லுதேன்லா."

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். "குத்தப் போறியா? சரி, குத்து" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான். ஊசி அதற்குள் சுண்டுவிரலில் இறங்கி நின்றது. சாலோமி அதை உருவவும் முடியாமல், அவன் கண்ணைத் திறந்துவிடுவானோ என்ற பயத்தில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தான். விரலைப் பார்த்தான். சாலோமி ஊசியை உருவி எடுத்தாள்.

"பெருவியாதியா பிள்ள?" என்று கடைசியில் அவன்தான் கேட்டான்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரும் குஷ்டம் என்றே சொன்னார். நல்ல மனுஷர். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். நீரடிமுத்து எண்ணெய் தேய்க்கச் சொன்னார், உள்ளுக்கும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னார். குணமாகுமா என்று சாலோமி கேட்டதற்கு, "தேய்ச்சுக்கிட்டு வாங்க, பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. பியூலாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். அது முடியட்டும் என்று சாலோமி நினைத்தாள். அடுப்பு வேலையெல்லாம் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். சூடு பட்டுவிட்டது என்று அவன் கைகளில் துணி சுற்றினாள். நீரடிமுத்து எண்ணெயின் நாற்றம் குமட்டும். ஆனால் சீமெண்ணெய் வாடைக்குள் அது தெரியவில்லை. தொழில் இப்படி ஒரு வகையில் அவர்களை மறைத்து வைத்தது. வீடுகளுக்குப் போகும்போது அவளும் கூடவே போனாள். படியை அவன் பிடித்தால் நழுவியது. அளப்பதும் அவள் வேலையாயிற்று. பீச்சாங்குழலை மட்டும் அவன் விடவில்லை. துணி சுற்றிய கையால் அழுத்தி அழுத்தி அடித்தான்.

மாசிக் கடைசியில் பியூலாவைப் பார்த்து வர சாலோமி சேரன்மகாதேவிக்குப் போனாள். முறுக்கும் அதிரசமும் சுட்டுக்கொண்டு, மகளை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டு வரத்தான் போனாள். போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

"நான் வாரது வரைக்கும் எந்த வீட்டுக்கும் போயிராதிய."

"போகல பிள்ள. நீ போயிட்டு வா."

ஆனால் அன்று காலையிலேயே யூனிஸ் அம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. யூனிஸ் அம்மாளின் புருஷன் கச்சேரியில் பெரிய குமாஸ்தா. தெருவிலேயே பெரிய புறவாசல் அவர்களுடையது. மகனுக்கு ஞானஸ்நானம், விருந்தாளிகள் வருகிறார்கள், எலுமிச்சையெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கிறது, உடனே வா என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மாட்டேன் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். அப்பாத்துரை கடைந்து வைத்திருந்த கலவையை எடுத்துக்கொண்டு போனான். கலவைப் பானையையும் பீச்சாங்குழலையும் தூக்கியதற்கு மேல் தண்ணீர்க் குடம் சுமக்க விரல்கள் மடங்கவில்லை. அந்த வீட்டுக் கிணற்றில் இறைத்தே கலந்தான். கலந்ததை வழக்கம்போலத் துணியை விலக்கி விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. எண்ணெய் பிரியவில்லை என்று எடுத்துக்கொண்டான். அவன் விரலுக்கு எண்ணெயும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை. அவனுக்குப் பழக்கம் அப்படி.

நாலு நாள் கழித்துச் சாலோமி திரும்பி வந்தபோது யூனிஸ் அம்மாள் வீட்டு மரங்கள் தீயில் வாட்டியதுபோல நின்றன. பிஞ்சும் இலையுமாகத் தரை நிறைந்து கிடந்தது. யூனிஸ் அம்மாள் இருவரையும் வரச் சொல்லியிருந்தாள்.

"இத்தன வருஷம் அடிச்சவன் நீ. எப்படிப்பா இப்படி ஆச்சு?" என்றாள். கோபத்தைவிடத் திகைப்புத்தான் அவள் முகத்தில் இருந்தது.

"தண்ணி மாறிட்டுதும்மா. எம்மேலதான் தப்பு."

"கையில என்ன கட்டு? தை மாசமே கட்டிக்கிட்டு அலைஞ்ச. இன்னுமா ஆறல? அவுத்துக் காட்டு, வீட்டுல மருந்து இருக்கு."

"வேண்டாம்மா" என்று சாலோமி முன்னால் வந்தாள். அந்த வேகத்திலேயே யூனிஸ் அம்மாளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் அப்பாத்துரையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். புருவம் உதிர்ந்திருந்ததைப் பார்த்தாள். அப்படியே இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"சாலோமி, எம் பிள்ளைக இந்த மரத்துல ஏறி விளையாடுதுகடி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் வெளியே வரும்போது கிணற்றுக் கயிற்றை யாரோ அறுத்து எறிவதை அப்பாத்துரை திரும்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் தானாகவே வேதக்கோயிலுக்குள் போகாமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். சபை உபதேசியார் வந்து தோளைத் தொடப்போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார். சாலோமி பீச்சாங்குழலைத் தான் ஒருத்தியாக எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "நானே கலந்து நானே அடிக்கேன்மா. அவரு வரமாட்டாரு." வாசலிலேயே வைத்து, இந்த வருஷம் பூச்சி இல்லை என்றார்கள். அவள் நின்ற இடத்திலிருந்தே மாம்பூவில் தத்துப்பூச்சி பறப்பது தெரிந்தது.

பங்குனி நடுவில் சேரன்மகாதேவியிலிருந்து மருமகன் வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வாய்க்கால் கரையில் நின்றே பேசினான்.

"அத்த, அம்மா சொல்லி அனுப்பிச்சாவ. மாமா இங்கன இருக்கது வரைக்கும் பியூலாவ அனுப்ப முடியாதாம். எனக்கு ஒண்ணும் இல்ல அத்த. பிள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரப்பிடாதுல்லா."

அப்பாத்துரை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். மருமகன் போன பிறகு, "தேரிக்காட்டுப் பக்கம் மிஷன்காரங்க இல்லம் ஒண்ணு வச்சிருக்காங்களாம். டாக்டர் சொன்னாருல்லா. நான் அங்கன போயிருதேன் பிள்ள" என்றான்.

"நானும் வாரேன்."

"உன்னச் சேக்க மாட்டாவ. நோய் இல்லாதவங்களுக்கு அங்க இடம் இல்ல. நீ இருந்து பியூலாவக் கூட்டிட்டு வந்து நல்லபடியாப் பேறு பாரு. அதுக்குத்தான போறேன்."

வண்டிக்காரன் யாரும் சம்மதிக்கவில்லை. கருவாட்டு மூட்டை ஏற்றி வந்து இறக்கிவிட்டுக் கிழக்கே வெறும் வண்டியாகத் திரும்பும் ஒருவன் பின்பக்கம் உட்காரச் சொன்னான். விடிகாலையில் கிளம்பினார்கள். போகும் முன் அப்பாத்துரை புறவாசலுக்குப் போய் ஒவ்வொரு மரத்தின் இலையையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "நாரத்தையில லேசாச் செதிள் இருக்கு. பாத்துக்க" என்றான். வண்டி திரும்பியது. சாலோமி பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தாள். அவன் கையைக் காட்டித் திரும்பிப் போகச் சொன்னான்.

அன்றே அவள் வீட்டைச் சாணி போட்டு மெழுகினாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவன் படுத்த பாயை எரித்தாள். சேரன்மகாதேவிக்கு நடந்தே போனாள். சம்பந்தி அம்மாள் வாசலில் பாய் விரித்து உட்கார வைத்தாள்.

"அவுக போயிட்டாவ. வீடெல்லாம் மெழுகிட்டேன். பிள்ளைய அனுப்புங்க."

சம்பந்தி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிடாதிய சம்பந்தி. அவுக கூட ஒரே வீட்டுல இத்தன நாள் இருந்தவ நீங்க. உங்களுக்கு இல்லன்னு யாரு சொல்லுதா?"

பியூலா உள்ளே கதவுக்குப் பின்னால் அழுவது கேட்டது. சாலோமி மகளைப் பார்க்காமலே திரும்பினாள். போன மனுஷன் வீணாகத்தான் போனான் என்பதே வழியெல்லாம் அவளுக்குத் தோன்றியது.

சித்திரையில் பேரன் பிறந்தான். முப்பது நாள் கழிந்து போய்ப் பார்த்தாள். முற்றத்தின் இந்தப் பக்கம் அவள் நிற்க, அந்தப் பக்கம் பியூலா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைக்கு அப்பாத்துரையின் நெற்றி. அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அங்கே யாருக்கும் சந்தோஷமாக இராது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷம் அவள் தன் மரங்களுக்கு மட்டும் கலவை அடித்தாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. குனிந்து கண் மட்டத்தில் அளந்து, தானே கடைந்து, தானே தேய்த்துப் பார்த்து அடித்தாள். மரங்களில் ஒரு செதிள் இல்லை. ஆடியில் கிளை தாழ்ந்து தரையைத் தொடுகிற அளவுக்குக் காய்த்தது. அப்படி ஒரு காய்ப்பை அப்பாத்துரைகூடப் பார்த்ததில்லை.

பேட்டையில் ஊறுகாய் போட்டு விற்கும் ஹமீது பீவிதான் வருஷா வருஷம் காய் வாங்குகிறவள். சொல்லி அனுப்பியதும் வந்தாள். வேலிக்கு வெளியிலேயே நின்று மரங்களைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னா காய்ப்பு, அல்லா! ஏ சாலோமி, நான் உன்ன ஒண்ணும் நெனைக்கல. ஆனா இங்க வாங்குனேன்னு தெரிஞ்சா எங்கிட்ட ஒத்தரும் ஊறுகா வாங்க மாட்டாங்கம்மா. கரையேத்த வேண்டிய நாலு குமர வச்சிருக்கேன்."

"தெரியும் மைனி. நீங்க போங்க."

காய் பழுத்து உதிர ஆரம்பித்தது. ஒரு நாள் சாலோமி ஒரு கூடை நிறையப் பொறுக்கி, தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. வாகையடி முக்கில் உட்கார்ந்தாள். மெல்லிய தோல், கறை இல்லாத மஞ்சள் பழம். எடுத்துப் பார்த்தவர்கள் வாங்காமல் போகவில்லை. கூடை பாதி இறங்கியதும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. வாரம் இரண்டு தடவை வரலாம், தேரிக்காட்டுக்கு அவனுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டாள்.

அப்போது பாளையங்கோட்டைக்காரி ஒருத்தி அந்த வழியாக வந்தாள். சாலோமியைப் பார்த்து நின்றாள். பொல்லாதவள் இல்லை. பக்கத்தில் பழத்தை முகர்ந்துகொண்டிருந்த பெண்ணிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண் பழத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்தது போதாமல் மண்ணை அள்ளித் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் முன்னால் வாங்கிப் போனவர்களும் வந்தார்கள். எலுமிச்சைகள் தெருவில் உருண்டன. "எங்க வந்து என்னத்த விக்க?" என்று ஒருவன் கூடையைக் காலால் தள்ளினான். அவர்கள் கொடுத்த காசைத் திருப்பி நீட்டியபோது அதை வாங்கவும் யாரும் முன்வரவில்லை.

மரங்களுக்கு அதன் பிறகு அவள் எதுவும் செய்யவில்லை.

அப்பாத்துரையைப் பார்க்க மூன்று தடவை போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் பனை நிழலில் நின்று பேசுவான். அங்கேயும் நாலு கொய்யா வைத்திருப்பதாகச் சொன்னான். இரண்டாவது தடவை திரும்பி வந்து, அவள் தன் விரலில் ஊசியால் குத்திப் பார்த்தாள். எல்லா விரலும் வலித்தது. வலிக்காமல் போயிருந்தால் அவளுக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கும். நான்காவது தடவை போவதற்குள் உபதேசியார் வந்து, அவன் காய்ச்சலில் போய்விட்டதாகவும் அடக்கம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார். அவர் வாசலுக்கு வெளியே நின்றே ஜெபம் செய்தார். சாலோமி உள்ளே நின்று கேட்டாள்.

யூனிஸ் அம்மாள் வாரம் ஒரு தடவை வேலைக்காரியிடம் அரிசி கொடுத்து அனுப்புவாள். வேலைக்காரி அதை வேலி ஓரக் கல்லில் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். சாலோமி அதைத்தான் பொங்கித் தின்றாள்.

சீமையில் ஜெர்மன்காரனோடு சண்டை வந்த வருஷம், சர்க்கார் விவசாய இலாகாவிலிருந்து ஒருவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். இளவயசுக்காரர். புதுவிதமான பம்பு ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டு மரங்களுக்கு மருந்து அடித்துக் காட்டினார். தெருவே திரண்டு பின்னால் வந்தது. கடைசி வீட்டு வேலியருகே வந்ததும் நின்றார். உள்ளே எலுமிச்சைகள் கரி பூசினதுபோல, பாதி இலை உதிர்ந்து நின்றன.

"யாரும்மா வீட்டுல? மரத்த இப்படியா விடுவாங்க? நல்ல சாதி மரம்மா. ரெண்டு தடவ அடிச்சா தேறிரும். வரட்டுமா?"

சாலோமி வாசலுக்கு வந்தாள். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வேலிக்குள் வரட்டுமா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "இதுக காய்ச்சி யாருக்கு?"

கூட்டத்தில் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு, பம்பைச் சரி செய்தபடி எதிர்ப்பக்கத்து வீட்டுக்குப் போனார். கூட்டமும் போயிற்று. சாலோமி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.